பட்டமும் பட்டறையும்: பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வணிகப் பாடம் எதற்கு?

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, கட்-ஆஃப் எவ்வளவு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா, மெக்கானிக்கல் எடுத்தால் வேலை கிடைக்குமா? கலந்தாய்வில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும். அதன்பிறகு நான்கு ஆண்டுகளும் பிள்ளை அந்தக் கல்லூரிக்குள் என்னதான் படிக்கிறது என்று கேட்கும் அத்தாமார்கள் குறைவு. அரியர் இருக்கிறதா, செமஸ்டர் கட்டணம் எப்போது, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு கம்பெனிகள் வருகின்றனவா என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது.

இந்த இடங்கள் நமக்குச் சும்மா கிடைத்தவை அல்ல. நாட்டின் முஸ்லிம்கள் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பதை 2006-இல் சச்சார் குழு அறிக்கை எடுத்துக் காட்டியது. தமிழ்நாட்டில் 2007-இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டிற்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. அதன் பலனாக முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் நம் தெருக்களிலிருந்து பொறியியல் கல்லூரிக்குச் சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ். இடம் கிடைக்கப் போராடிய சமுதாயம், கிடைத்த இடத்தில் எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றியும் யோசிக்க வேண்டிய நேரம் இது.

இந்தக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ஒரு சிறிய விஷயம் போலத் தெரியும். பொறியியல் படிக்கும் மாணவ மாணவியர் தங்கள் படிப்போடு சேர்த்து வணிக, மேலாண்மைப் பாடங்களை எடுக்க வாய்ப்பு இருக்கிறது. பெரும்பாலோர் அந்த வாய்ப்பை, 'எதில் சுலபமாக மார்க் வரும்' என்ற ஒரே கேள்வியோடு கடந்துவிடுகிறார்கள். திண்டுக்கல் போன்ற ஒரு தொழில் நகரத்தில், வியாபாரமே வாழ்க்கையாகக் கொண்ட நம் குடும்பங்களுக்கு, இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத்தான் சொல்ல விரும்புகிறோம்.

பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது?

திண்டுக்கல் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால், பழனி சாலையில் 1984 முதல் இயங்கும் பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி, ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி, இன்னும் பல தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. தன்னாட்சிக் கல்லூரிகள் தமக்கென்று பாடத்திட்டம் வைத்திருக்கும். மற்றவை அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும். மாணவர் சேரும் ஆண்டைப் பொறுத்து விதிமுறையும் மாறும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையை உதாரணமாகப் பார்ப்போம். அதில் மேலாண்மைக்கென்று ஒரு விருப்பப் பாடம் உண்டு. மேலாண்மைக் கோட்பாடுகள், முழுமைத் தர மேலாண்மை, பொறியியல் பொருளாதாரமும் நிதிக் கணக்கியலும், மனிதவள மேலாண்மை, அறிவு மேலாண்மை, தொழிற்சாலை மேலாண்மை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இது எல்லோருக்கும் பொதுவானது.

இதற்கு மேல் 'மைனர் டிகிரி' என்ற ஒரு வழியும் இருக்கிறது. தன் பிரிவுக்குரிய பாடங்களோடு கூடுதலாக 18 கிரெடிட், அதாவது 3 கிரெடிட் வீதம் ஆறு பாடங்கள், ஒரே துறையில் படித்துத் தேறினால் பட்டத்தோடு அதுவும் சேர்த்துக் குறிக்கப்படும். தொழில்முனைவு, நிதித் தொழில்நுட்பம், வணிகத் தரவுப் பகுப்பாய்வு, பொது நிர்வாகம், சுற்றுச்சூழல் ஆகியவை அந்தத் துறைகளில் அடங்கும். தொழில்முனைவுப் பிரிவில் உள்ள ஆறு பாடங்களைக் கவனியுங்கள்: தொழில்முனைவின் அடிப்படைகள், குழு அமைத்தலும் தலைமைப் பண்பும், தொழில்முனைவில் புத்தாக்கம், சந்தைப்படுத்தல் கோட்பாடுகள், தொழில்முனைவோருக்கான மனிதவள மேலாண்மை, புதிய தொழிலுக்கு நிதி திரட்டுதல். ஒரு கடையோ பட்டறையோ நடத்தும் குடும்பத்துக்கு அன்றாடம் தேவைப்படும் விஷயங்கள்தாம் இவை.

மைனர் டிகிரி எடுக்க நல்ல தரப்புள்ளி வேண்டும். கூடுதல் பாடங்களின் சுமையும் உண்டு. அது முடியாதவர்களுக்கு ஸ்வயம், என்.பி.டி.இ.எல். போன்ற இணையவழிப் பாடங்கள் உள்ளன. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் மேலாண்மை, கணக்கியல் பாடங்களை அங்கே கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கு மட்டும்தான் கட்டணம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் பயிற்சிகளும் கல்லூரிக்குள்ளேயே கிடைக்கின்றன. ஆக, வாய்ப்பு இல்லாமல் இல்லை. அதன் மதிப்பை நாம்தான் உணரவில்லை.

பூட்டு சொல்லும் பாடம்

திண்டுக்கல் என்றால் உலகுக்குப் பூட்டு. கையால் அறுத்து, அராவி, லீவர் கோத்துச் செய்யப்படும் பூட்டு இது. மாங்காய்ப் பூட்டு முதல் கோயில் கதவுக்கும் கிடங்குக்கும் போடும் பெரிய பூட்டுகள் வரை, ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராத நுட்பம் இந்தக் கைவினைஞர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த கலை. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் இன்று நம் ஊர்க் கடைகளிலேயே அலிகார் பூட்டுகள்தான் அதிகம் தொங்குகின்றன. எந்திரத்தில் வார்த்து, ஆயிரக்கணக்கில் செய்து, குறைந்த விலைக்கு நாடெங்கும் அனுப்புகிறார்கள். நம் பூட்டின் தரம் குறைந்துவிட்டதா? இல்லை. பழைய திண்டுக்கல் பூட்டு வைத்திருப்பவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஒரு பூட்டுக்குப் பின்னால் இருக்கும் கைவேலையின் உண்மையான செலவு என்ன, அந்த விலையைக் கொடுக்கக்கூடிய வாடிக்கையாளர் யார், அவரை எப்படித் தேடிப் பிடிப்பது, எந்த வேலையை எந்திரத்துக்கு விட்டு எதைக் கையில் வைத்துக்கொள்வது என்பன போன்ற கேள்விகளுக்கு உரிய காலத்தில் விடை தேடப்படவில்லை. செய்பவர் ஒரு பக்கமும் விற்பவர் இன்னொரு பக்கமும் நின்றார்கள். செய்பவருக்குச் சந்தை தெரியவில்லை. விற்பவர் செய்முறையை மாற்ற முதலீடு செய்யவில்லை. மகனுக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்று அராவியவரே முடிவு செய்துவிட்டார்.

புவிசார் குறியீடு மற்ற ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதைத் தடுக்கும். பூட்டை விற்றுத் தராது. விற்பதற்கு விலை நிர்ணயமும் சந்தைப்படுத்தலும் தெரிந்த ஆள் வேண்டும். அவருக்கு லீவர் எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டிய அறிவு. மெக்கானிக்கல் படிக்கும் ஒரு திண்டுக்கல் மாணவர் சந்தைப்படுத்தல் பாடத்தையும் சேர்த்துப் படித்தால், அவருடைய புராஜெக்டுக்குப் பொருள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

தோல் தொழில் கொடுத்த விலை

பூட்டைவிட நம் சமுதாயத்துக்கு நெருக்கமானது தோல் தொழில். வாணியம்பாடி, ஆம்பூர் போலவே திண்டுக்கல்லிலும் தோல் பதனிடும் தொழிலில் முஸ்லிம் குடும்பங்கள் நீண்டகாலமாக இருந்து வருகின்றன. ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட காலத்திலிருந்து நடந்து வந்த தொழில் இது. இந்தத் தொழில் இரண்டு பெரிய அதிர்ச்சிகளைச் சந்தித்தது. இரண்டுமே பொறியியலும் வணிகமும் ஒன்றாகச் சந்திக்கும் இடத்தில்தான் வந்தன.

முதலாவது, 1970-களின் தொடக்கத்தில் வந்த ஏற்றுமதிக் கொள்கை மாற்றம். பாதி பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாக முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்பச் சொன்னது. அதற்குப் புதிய எந்திரமும் புதிய ரசாயன அறிவும் வேண்டும். அதற்கேற்ற முதலீட்டுக் கணக்கும் வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் வளர்ந்தார்கள். மற்றவர்கள் அவர்களுக்குக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பவர்களாக மாறினார்கள்.

இரண்டாவது, உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி 'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பு. தோல் கழிவுநீரால் நிலமும் நிலத்தடி நீரும் கெட்டுப்போனதை அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசியது. மாசுபடுத்துபவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதி செய்தது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சொந்தமாகவோ பொதுவாகவோ சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஆலை இயங்கக் கூடாது என்றும் சொன்னது.

அபராதம் பெரிய தொகையல்ல. அதற்குப் பின்னால் இருந்த செய்திதான் பெரிது. அதுவரை தோலின் விலையைக் கணக்கிட்டவர்கள், அந்தத் தோலைக் கழுவி வெளியேற்றிய தண்ணீருக்கு விலை போடவில்லை. அந்த விலையை அக்கம்பக்கத்து விவசாயியும் கிணற்றுத் தண்ணீர் குடித்த குடும்பங்களும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவருக்கு ஏற்படும் தீங்கைக் கணக்கில் சேர்க்காத லாபம் நியாயமான லாபமல்ல என்பது நம் மார்க்கம் முன்பே சொன்னதுதான். சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைப்பது கெமிக்கல், சிவில் பொறியாளரின் வேலை. ஒரு சதுர அடித் தோலுக்கு அந்தச் செலவு எவ்வளவு வரும், அதைச் சேர்த்தால் எந்த விலைக்கு விற்க வேண்டும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒவ்வோர் ஆலையும் எந்த விகிதத்தில் பங்கு கொடுப்பது என்று சொல்வது கணக்கு அறிந்தவரின் வேலை. இரண்டும் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருந்திருந்தால், நீதிமன்றம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

ஒரு சிறு கணக்கு

'வியாபாரம் நம் ரத்தத்தில் இருக்கிறது, அதைக் கல்லூரியில் போய் எதற்குப் படிக்க வேண்டும்?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுடைய அனுபவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆளைப் பார்த்ததும் கடன் திரும்புமா என்று சொல்லிவிடும் அவர்களுடைய கண் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. ஆனால் அந்தக் கண்ணுக்கும் தப்பும் விஷயங்கள் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

சின்ன வெங்காயம் ஏராளமாக வந்து குவியும் மாவட்டம் நம்முடையது. நம் மாணவர் ஒருவர் படிப்பு முடித்து, வெங்காயத்தைப் பெரிது சிறிது என்று தரம் பிரிக்கும் ஒரு சிறிய எந்திரத்தைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரும்பு, மோட்டார், பேரிங் என்று பொருள் செலவு 38,000 ரூபாய். வெல்டர், பிட்டர் கூலி 12,000 ரூபாய். வரி நீங்கலாக 60,000 ரூபாய்க்கு விற்கிறார். கையில் 10,000 லாபம் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்போது கணக்கியல் படித்தவர் வந்து கேட்கிறார்: பட்டறை வாடகையும் கரண்ட் பில்லும் ஓர் எந்திரத்துக்கு எவ்வளவு? 4,000. முதல் வருடம் இலவசமாகப் போய் ரிப்பேர் பார்க்கும் செலவு? 3,000. ஆக, மீதி 3,000-தான். பணம் எப்போது வருகிறது? வியாபாரி நான்கு மாதம் கழித்துத் தருகிறார். மாதம் இரண்டு எந்திரம் விற்றால், நான்கு மாதத்தில் எட்டு எந்திரத்தின் பணம் வெளியே நிற்கும். ஒன்றுக்கு 54,000 வீதம் 4,32,000 ரூபாய். அதாவது மாதம் 6,000 சம்பாதிப்பதற்கு நான்கே கால் லட்சத்துக்கு மேல் முடக்கிப் போட்டிருக்கிறார். 'ஆர்டர் நிறைய வருகிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை' என்று நம் பட்டறைகளில் கேட்கும் புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கணக்கு தெரிந்தவர் இரண்டு காரியம் செய்வார். ஆர்டர் எடுக்கும்போதே பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பார். தொழிலை உதயம் தளத்தில் பதிவு செய்துகொண்டு, குறு சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை வாங்குபவருக்கு நினைவூட்டுவார். அப்படித் தராவிட்டால் வாங்கிய நிறுவனம் அந்தத் தொகையை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். எந்திரம் அதேதான், விலையும் அதேதான். ஆனால் தொழில் பிழைத்துக்கொள்ளும்.

வட்டியைத் தவிர்ப்பவனுக்குத்தான் கணக்கு அதிகம் தேவை

இங்கேதான் நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு விஷயம் வருகிறது. தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு மாநில, மத்திய அரசுகளின் மானியத் திட்டங்கள் பல இருக்கின்றன. பெரும்பாலானவை வங்கிக் கடனோடு இணைந்தவை. வட்டிக்கு அஞ்சும் குடும்பங்கள் அவற்றிலிருந்து ஒதுங்குகின்றன. அந்த அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் ஒதுங்கிய பிறகு என்ன செய்கிறோம்? நகையை விற்கிறோம், வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் கைமாற்று கேட்கிறோம், அல்லது ஆசையையே விட்டுவிடுகிறோம்.

மார்க்கம் காட்டிய வழி கூட்டுத் தொழில். ஒருவர் முதல் போட, இன்னொருவர் உழைக்க, லாபத்தைப் பேசியபடி பிரித்துக்கொள்ளும் முளாரபா. இருவரும் முதல் போடும் முஷாரகா. இவற்றை மேடைகளில் நாம் நிறையப் பேசுகிறோம். நடைமுறையில் ஏன் இவை அரிதாக இருக்கின்றன? காரணம் ஈமான் குறைவு மட்டுமல்ல, கணக்குக் குறைவும்தான். வங்கிக்கு உங்கள் லாபம் எவ்வளவு என்பது முக்கியமல்ல, மாதத் தவணை வந்தால் போதும். ஆனால் பங்காளிக்கு உண்மையான லாபம் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது எவ்வளவு, எந்திரத் தேய்மானம் எவ்வளவு, வராக் கடன் எவ்வளவு என்று எழுதி வைக்காத கடையில் யார் எந்த நம்பிக்கையில் முதல் போடுவார்? போட்டாலும் மூன்றாம் வருடம் மனக்கசப்பில்தான் முடியும். ஆக, வட்டியில்லாத் தொழில் நடத்த விரும்பும் சமுதாயத்துக்கு, மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கணக்கியல் தெரிந்த பிள்ளைகள் தேவை. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதுதான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கையிருப்புச் சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் கணக்கிட்டால்தானே ஸகாத்தைக்கூடச் சரியாகக் கொடுக்க முடியும்!

கணக்கு வாசிக்கத் தெரியாத சமுதாயம் எப்படி ஏமாற்றப்படும் என்பதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. பெங்களூருவில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் மாதந்தோறும் லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அது சரிந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம், ஓய்வூதியப் பணம் எல்லாம் போயின. 'எந்தத் தொழிலில் இந்த லாபம் வருகிறது, தணிக்கை செய்த கணக்கைக் காட்டுங்கள்' என்று கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருந்தால், இழப்பு இவ்வளவு பெரிதாகியிருக்காது.

வணிகப் பாடத்தில் வட்டிக் கணக்கு வருகிறதே, அதைப் படிக்கலாமா என்று சில மாணவர்கள் தயங்குகிறார்கள். வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அறிவது வேறு, வட்டி வாங்குவது வேறு. ஓர் ஒப்பந்தத்துக்குள் அது எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மார்க்க ரீதியான சந்தேகங்களுக்கு ஆலிம்களிடம் கேட்கலாம். ஆனால் ஆலிமிடம் கேள்வியைச் சரியாக வைப்பதற்கும் அந்தப் படிப்பு உதவும்.

பெண் பிள்ளைகளை மறக்க வேண்டாம்

நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் பொறியியலில் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் திருமணத்துக்குப் பிறகு பலருடைய பட்டம் அலமாரிக்குள் போய்விடுகிறது. சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போய் வேலை பார்க்கக் குடும்பச் சூழல் இடம் தராது என்பதே வழக்கமான காரணம். அந்தச் சூழல் மாற வேண்டுமா என்பது தனி விவாதம். ஆனால் ஊரில் இருந்துகொண்டே தொழில் செய்யும் தகுதியைக் கல்லூரிக் காலத்திலேயே அவருக்குக் கொடுத்துவிட முடியும். மென்பொருள் எழுதத் தெரிந்த பெண்ணுக்கு விலை நிர்ணயமும் ஒப்பந்தம் எழுதவும் தெரிந்தால், அவர் திண்டுக்கல்லில் இருந்தே வெளியூர் வேலைகளை எடுத்துச் செய்யலாம், நான்கு பெண்களுக்கு வேலையும் தரலாம். தன் முதலை நம்பிக்கையானவர்களிடம் கொடுத்து, பங்கு பேசி, வணிகக் குழுக்களை அனுப்பிய அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வாழ்வை நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த வாழ்வில் ஒரு தேர்ந்த தொழில் நிர்வாகியும் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

கவனிக்க வேண்டியவை

இதைச் சொல்லும்போதே சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, அடிப்படைப் பொறியியல் பாடங்களை விட்டுவிட்டு வணிகப் பாடத்தின் பின்னால் போகக் கூடாது. அரியர் வைத்துக்கொண்டு மைனர் டிகிரிக்கு ஆசைப்படுவது, அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுவது போன்றது. நேரமில்லாதவர் கணக்கியல் சார்ந்த ஒரே ஒரு பாடத்தை எடுத்து அதை ஒழுங்காகப் படித்தாலும் போதும்.

இரண்டாவது, வணிகப் பாடம் படித்துவிட்டால் மட்டும் யாரும் முதலாளி ஆகிவிட முடியாது. 'ஸ்டார்ட்அப்' என்ற பெயரில் விளம்பரமும் விருதும் மட்டுமே கண்ணில் படும் காலம் இது. பாடம் கொடுப்பது கேள்வி கேட்கும் பழக்கத்தை. விடையைச் சந்தையில்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, படிப்பு முடிந்ததும் லட்சக்கணக்கில் செலவழித்து உடனே எம்.பி.ஏ. சேர்ப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். கல்லூரியில் இருக்கும்போதே நான்கு வணிகப் பாடங்களைப் படித்து, இரண்டு வருடம் வேலையும் பார்த்தவருக்குத்தான் எம்.பி.ஏ. தேவையா என்பது சரியாகத் தெரியும்.

எதிர்பாராத நாளில் இந்த அறிவு கைகொடுக்கும் என்பதற்கு அஸீம் பிரேம்ஜி ஓர் உதாரணம். 1966-இல் தந்தை இறந்தபோது அவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர், வயது 21. படிப்பைப் பாதியில் விட்டு வந்து, வனஸ்பதி தயாரித்துக்கொண்டிருந்த குடும்ப நிறுவனத்தை ஏற்றார். தொழிலை நடத்தியபடியேதான் நிர்வாகத்தைக் கற்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அந்த நிறுவனமே விப்ரோ என்ற மென்பொருள் நிறுவனமாக வளர்ந்தது. நம் பிள்ளைகள் எல்லோரும் பிரேம்ஜி ஆகப் போவதில்லை. ஆனால் அத்தா திடீரென்று மவுத்தாகிவிட, கடையின் கொடுக்கல் வாங்கல் எதுவும் தெரியாமல் திகைத்து நின்ற பிள்ளைகளை நம் ஊரிலேயே நாம் பார்த்திருக்கிறோம். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது தெரியாமல் மய்யித்தின் கடனை எப்படி அடைப்பது?

என்ன செய்யலாம்?

மாணவர்கள் மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன்பே தங்கள் கல்லூரியின் விதிமுறையைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். மைனர் டிகிரி இருக்கிறதா, தகுதி என்ன, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் உண்டு, இணையவழிப் பாடத்துக்குக் கிரெடிட் தருவார்களா என்று துறைத் தலைவரிடம் நேரில் கேட்க வேண்டும். விருப்பப் பாடத்தில் முதலில் கணக்கியலும் பொறியியல் பொருளாதாரமும். அடுத்து சந்தைப்படுத்தல் என்பது நம் ஆலோசனை.

பெற்றோர்கள் தங்கள் கடை, பட்டறைக் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். கல்லூரியில் கற்றதைச் செய்து பார்க்க அதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடைக்காது. விடுமுறையில் ஒரு மாதக் கொள்முதலையும் விற்பனையையும் பிள்ளையிடம் கொடுத்து, உண்மையான லாபம் என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வரும் விடை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அப்போதும் கோபப்படாமல் கேளுங்கள்.

ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் கட்டணம் கட்டுவதோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு இருமுறையாவது பொறியியல் மாணவர்களையும் ஊர்த் தொழிலதிபர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கலாம். தோல் ஆலையின் பிரச்சினை ஒன்று, பூட்டுப் பட்டறையின் பிரச்சினை ஒன்று, காய்கறி மண்டியின் பிரச்சினை ஒன்று என்று கொடுத்து, செய்முறையும் செலவும் சேர்ந்த தீர்வை மாணவர்களிடம் கேட்கலாம். நல்ல தீர்வுக்கு முதல் போட முன்வருபவர்களை அங்கேயே எழுத்துப்பூர்வமான பங்கு ஒப்பந்தத்தோடு இணைக்கலாம். அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' வழங்கும் 'டான்சீட்' போன்ற, கடனாக அல்லாமல் விதைநிதியாக வரும் உதவிகளுக்கு விண்ணப்பிக்க வழிகாட்டலாம்.

நம் முன்னோர் தோலைத் தொட்டே அதன் தரத்தைச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட நாணயமாக வியாபாரம் செய்தார்கள். அந்த நாணயத்தோடு இன்று தொழில்நுட்பமும் கணக்கும் சேர வேண்டியிருக்கிறது. அடுத்த செமஸ்டருக்கான விருப்பப் பாடப் பட்டியல் வரும்போது, எதை எடுக்கப் போகிறாய் என்று நம் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்போம். மாற்றம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.